ரயில் போகும்வரை கால் மட்டும்

பூந்தமல்லியைத் தாண்டி ஆவடி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, போன் சார்ஜர். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைத் திருமழிசையிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் வாளிக்குக் கைப்பிடி மாட்டும் வேலை. சோறு கிடைத்தது, படுக்க இடம் இருந்தது. அன்று காலை எழுந்தபோது, வாளிக்குக் கைப்பிடி மாட்டியது போதும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னவன், நல்ல பையன்.

"இன்னாண்ணா, எவனாச்சும் எதுனா சொன்னானா?"

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலப்பா. கெளம்பறேன்."

"எங்க போற?"

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் எப்போதும் பதில் இருப்பதில்லை. இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு இது பழகியிருக்கும். ஒவ்வொரு வாரமும் நான் எங்கிருந்தாவது கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் வேலையை விட்ட நாளில் எனக்கு நடக்கத்தான் பிடிக்கும். பஸ் சீக்கிரம் கொண்டுபோய் இறக்கிவிடும். இறங்கியதும் அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டிவரும்.

மழை விட்டுப் பனி தொடங்கியிருந்த மாதம். பருத்திப்பட்டு ஏரி நிறைந்து கிடந்தது. கரையில் நடைபாதை போட்டிருந்தார்கள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஃபிளாட்காரர்கள் வேகவேகமாக நடந்தார்கள். எங்கும் போகாமல் அவர்கள் அவ்வளவு வேகமாக நடப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்களுக்கு என்னைப் பார்த்து என்ன தோன்றியதோ.

சேக்காட்டில் சம்பத் இருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. இப்போது பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கே வேலையை விட்டாலும் முதல் இரவு அவன் வீட்டில்தான் என்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

ஆவடியைக் கடந்து சேக்காட்டுக்குள் நுழைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அப்போதுதான் டிரம் சத்தம் கேட்டது.

நின்று, தொடங்கிய பேண்டு

முதலில் பெரிய டிரம். டம், டம், டம். பிறகு சைடு டிரம்கள். அதற்கு மேலே ஒரு பியூகிள், கொஞ்சம் சுருதி இறங்கி. மாலை வேளையில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்கிற சத்தம்தான். நான் நிற்கவில்லை.

திருவள்ளூர் பக்கமிருந்து ஒரு மின்சார ரயில் வந்தது. ரயில் நெருங்கியதும் பேண்டு நின்றது. கத்தரித்த மாதிரி, எல்லாம் ஒரே நேரத்தில். ரயில் முழுவதும் கடந்து சத்தம் தேய்ந்ததும் மறுபடி தொடங்கியது. முதலிலிருந்து அல்ல. நின்ற இடத்திலிருந்தும் அல்ல. ரயிலே வராமல் வாசித்துக்கொண்டு போயிருந்தால் அந்நேரம் எந்த இடத்துக்கு வந்திருப்பார்களோ, சரியாக அந்த இடத்திலிருந்து.

அப்போது நின்றேன்.

இதைச் செய்யும் பேண்டு எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. ரயில் பாதையை ஒட்டிச் சுற்றுச்சுவர் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நானும் சம்பத்தும் படித்தோம். நான் சைடு டிரம். அவன் பியூகிள். நாங்கள் வெளியே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். எங்களோடு அது போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூடப் பொய். அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

கைக்கு லீவு

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ரயில் போகும்போது எங்கள் மைதானத்தில் ஒன்றும் கேட்காது. பக்கத்தில் நிற்பவன் அடிப்பது கேட்காது. சில நேரம் நாம் அடிப்பதே கேட்காது. ஆளாளுக்கு ஒரு வேகத்தில் அடித்துக்கொண்டே போவோம். ரயில் போனபின் பார்த்தால் சைடு டிரம் ஒரு தெருவில் இருக்கும், பியூகிள் வேறு தெருவில் இருக்கும்.

இதைச் சாக்காக வைத்து, ரயில் வந்தாலே அடிப்பதை நிறுத்த ஆரம்பித்தோம். கை நோவு அப்படி. டிரம்மின் வார் கழுத்து எலும்பில் அறுத்து, சட்டையைக் கழற்றினால் சிவப்பாகக் கோடு தெரியும். சம்பத்துக்கு உதடு வீங்கிவிடும். இவன் தினமும் யாரிடமோ குத்து வாங்கிக்கொண்டு வருகிறான் என்று அவன் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் ரயிலுக்குப் பஞ்சமே இல்லை. எப்போதடா வரும் என்று காது தண்டவாளத்திலேயே இருக்கும்.

டிரில் மாஸ்டர் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் சொன்னார்.

"சரி. ரயிலு போற வரைக்கும் கைக்கு லீவு. காலுக்கு லீவு கெடையாது. லெஃப்ட் ரைட் போட்டுகினே மனசுக்குள்ள வாசி. ரயிலு போனப்புறம் எவன் எந்த எடத்துல கீறான்னு பாக்கறேன்."

ஆரம்பத்தில் ரயில் போனதும் கோழிச் சண்டை மாதிரி இருந்தது. ஒருவன் முந்திவிடுவான், ஒருவன் பாட்டையே மறந்திருப்பான். ஒருவன் ரயிலில் தொங்கிக்கொண்டு போன அவன் அண்ணனுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருப்பான். அடி விழும். மறுபடி ரயில் வரும். பிறகு எப்போது சரியானது என்று எங்களுக்கே தெரியாது. ஒருநாள் ரயில் போனது, எல்லோர் கையும் சேர்ந்து விழுந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சம்பத் பியூகிளை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். அதற்கும் அடி விழுந்தது.

காதால் கேட்க முடியாத நேரத்தில் பக்கத்தில் இருப்பவனை எப்படிக் கேட்பது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவனுடைய கேன்வாஸ் ஷூ தரையில் விழும்போது மண் கொஞ்சம் அதிரும். அது நம் உள்ளங்காலில் தெரியும்.

லாரி ஹாரன்

அந்தப் பழக்கம் ஒருமுறை எங்கள் மானத்தை வாங்கியது.

அம்பத்தூர் பக்கம் ஒரு பெரிய மைதானம். பல பள்ளிக்கூடங்களின் பேண்டுகள் வந்திருந்தன. எல்லோருக்கும் புது ஷூ. எங்களுக்குப் பழைய ஷூதான், சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தோம். தொப்பியில் சிவப்புக் குஞ்சம். மேடையில் யாரோ ஒரு பெரிய அதிகாரி நின்று சல்யூட் வாங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. நன்றாகத்தான் போனோம். சரியாக மேடைக்கு எதிரே போனபோது, வெளியே ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஏர் ஹாரனை நீளமாக அடித்தான்.

பேண்டு நின்றுவிட்டது. மொத்தமாக.

யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாக நின்றது. அவ்வளவு பெரிய மைதானத்தில் எங்கள் ஷூ சத்தம் மட்டும் சரக், சரக் என்று கேட்டது. அதிகாரி நெற்றியில் வைத்த கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். ஹாரன் ஓய்ந்து, இல்லாத ரயில் போய்முடிந்து, மேடையைத் தாண்டியபின் எல்லோரும் சேர்ந்து, அந்நேரம் வந்திருக்க வேண்டிய இடத்தைப் பிடித்தோம். மற்ற பள்ளிக்கூடத்துப் பையன்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். பரிசெல்லாம் எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தோம். ஆவடி வந்ததும் மாஸ்டர்தான் பேசினார்.

"எவனாச்சும் ஒருத்தன் மட்டும் அடிச்சிகினு போயிருந்தா, அவனைக் கொன்னு போட்டிருப்பேன். தப்பையும் ஒண்ணாதான் பண்ணீங்க. போய்ச் சாப்புடுங்க."

எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

ஒன்பதாம் வகுப்பு

நான் ஒன்பதாம் வகுப்பில் தோற்றேன். தோற்றவர்கள் பேண்டில் இருக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு விதி இருந்தது. படிப்பில் கவனம் திரும்பட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் போட்ட விதியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது என் டிரம் வேறொருவன் கழுத்தில் இருந்தது. ஒரு வாரம் போனேன். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போக வேண்டும். அது எனக்குப் பழக்கமே இல்லை. அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்விட்டேன். இரும்புச் சுருள் கூட்டும் வேலை. வீட்டில் யாரும் அழவில்லை. அம்மாவுக்கு ஒரு வயிற்றுக் கவலை குறைந்தது.

பிறகு போன ஊர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். திருப்பூர், ஓசூர், நெல்லூர். கணக்கு வாத்தியார் நடத்தியதை நான் குறை சொல்லவில்லை. அதுவும் எங்கேயாவது உள்ளே கிடக்கும். ஆனால் நான் போன வேலைகளில் எனக்குச் சோறு போட்டது பேண்டுதான்.

அயப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டபோது, கீழிருந்து மேலே சாந்துச் சட்டியைக் கைமாற்றும் வரிசையில் நின்றேன். அந்த வரிசையில் ஒருவன் தாளம் தவறினால் எல்லோர் தோளும் போய்விடும். நெல்லூரில் அரிசி மூட்டை. ஒரு ஃபிளாட்டில் நான்கு பேர் சேர்ந்து மாடிப்படியில் பீரோ இறக்கியபோது, முன்னால் இருப்பவன் முகம் தெரியாது, பேச மூச்சு இருக்காது. அவன் கால் எங்கே விழுகிறது என்று என் காலுக்குத் தெரிந்தது. "நீ வந்தா மட்டும் பீரோ இடிக்கறதே இல்லடா" என்று மேஸ்திரி சொல்வார். காரணம் அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

சுவரோரம்

சரி, சேக்காட்டுக்கு வருகிறேன்.

கேட் திறந்தே கிடந்தது. சுவரோரம் நின்று பார்த்தேன். மைதானம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பெண் பிள்ளைகளும் பேண்டில் இருந்தார்கள். எங்கள் காலத்தில் கிடையாது. பெரிய டிரம்முக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை. இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"யாருங்க நீங்க? என்ன வேணும்?"

கழுத்தில் விசிலோடு ஒரு பெண் என்னை நோக்கி வந்தார். உடற்கல்வி ஆசிரியை. பெயர் தேன்மொழி, சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

"ஒண்ணும் இல்ல மிஸ். இங்க படிச்சவன். சத்தம் கேட்டுது, நின்னேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் இங்க படிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் தண்ணி மோட்டாரையே நோட்டம் விட்டுட்டுப் போனாரு."

"ரயிலு வந்தா நிறுத்தறீங்களே, அது எங்க செட்டுல ஆரம்பிச்சது மிஸ்."

அவர் நம்பவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ரயிலுக்கு ஏன்டா நிறுத்துறோம்?" என்று கேட்டார்.

"ரயிலுக்கு மரியாதை மிஸ்" என்றான் முன்வரிசைப் பையன்.

"மரியாதையும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்களுக்குக் கை நோவும், நிறுத்திடுவோம்" என்றேன்.

பெரிய டிரம் பேசியது. "நான் அப்பவே சொல்லல? ரயிலுக்கு எவனாச்சும் மரியாதை குடுப்பானாடா?"

டிரம்முக்குப் பக்கவாட்டில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தலையில் சுற்றிய வெள்ளைத் துணி, மூக்கில் வியர்வை. நஸ்ரீன், பத்தாம் வகுப்பு.

"மிஸ், இப்ப பட்டாபிராம் வண்டி வரும். அண்ணனும் கால் போடட்டும். இந்த ஸ்கூலா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

மறுக்கத் தோன்றவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே கடைசி வரிசையில் போய் நின்றேன். பேண்டு தொடங்கியது. மெட்டு மாறியிருந்தது. ஆனால் அடி அதேதான். ரயில் வந்தது. எல்லாம் நின்றது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் ஓடின. ரப்பர் செருப்புப் போட்ட என் கால் லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பையனின் ஷூ என் உள்ளங்காலில் தெரிந்தது. ரயில் போனது. பெரிய டிரம்மில் அடி விழுந்த நேரத்தில் என் கையும் தட்டியது.

நஸ்ரீன் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "நம்ம ஸ்கூலுதான் மிஸ்."

பூட்டும் சாவியும்

சாவிக்கொத்தோடு தலைமையாசிரியர் வந்தார். தினமும் ரயிலில் வந்துபோகிற மனிதர், கையில் டிஃபன் பை. முகத்தில் கோபம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது.

"டீச்சர், இன்னியோட போதும். நாளையிலேர்ந்து சாயங்காலம் வேணாம்."

"அடுத்த மாசம் குடியரசு தின ஊர்வலம் சார்."

"தெரியுது. வாட்ச்மேன் இனிமே வர மாட்டேன்னுட்டார். வந்தவாசியில பொண்ணு வீட்டோட இருந்துக்கறாராம். ரெண்டு வாரமா கேட்டை நான்தான் திறக்கறேன், நான்தான் பூட்டறேன். ஆள் இல்லாத ஸ்கூல்ல பசங்களை ஆறு மணி வரைக்கும் வெச்சிக்கிட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? ஆள் கிடைக்கட்டும், ஆரம்பிச்சிக்கலாம்."

"ஓவிய கிளாஸை நிறுத்தினப்பவும் ஆள் கிடைக்கட்டும்னுதான் சொன்னீங்க சார்."

"ஆள் கிடைக்கலையே டீச்சர்."

அவர் சொன்னது உண்மைதான். காலையில் வைக்கலாமா என்று தேன்மொழி மிஸ் கேட்டார். காலையில் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். மதியம் வெயில். பேச்சு அங்கேயே நின்றது.

நஸ்ரீன் வாரைக் கழற்றி டிரம்மைத் தரையில் வைத்தாள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்டின்னா நாளைக்கு நான் வரல மிஸ்."

"அதான் பிராக்டிஸ் இல்லைன்னு சார் சொல்லிட்டாரே."

"ஸ்கூலுக்கு வரல."

மிஸ் அவளைப் பார்த்தார்.

"அத்தா எப்ப இருந்தோ சொல்லிகினுதான் கீறாரு, ஊட்ல ரெண்டாவது தையல் மெஷினு சும்மா கீதுன்னு. பேண்டு கீது, ஊர்வலம் கீதுன்னு நான்தான் சண்ட போட்டுகினு வந்துகினு இருந்தேன். அம்மாவும் வாட்ச்மேன் தாத்தா கீறாருன்னுதான் ஆறு மணி வரைக்கும் உட்டுது. இப்ப பேண்டே இல்லன்னா இன்னான்னு சொல்லிட்டு வர்றது?"

"பரீட்சை இருக்கும்மா உனக்கு" என்றார் தலைமையாசிரியர்.

"தெரியும் சார்."

அழவில்லை. வீட்டில் இன்று என்ன குழம்பு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அப்படிச் சொல்பவர்கள் மறுநாள் வர மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் டிரம்களை அறைக்குள் அடுக்கினார்கள். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

சம்பத் வீட்டில்

சம்பத்தின் மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். சம்பத் எனக்கு வேலையே பார்த்து வைத்திருந்தான்.

"மச்சான், எங்க கம்பெனில லோடிங்குக்கு ஆள் எடுக்கறான். காலைல எங்கூட வந்துடு. சாப்பாடு போட்டுடுவான், ரூமும் கீது. இந்தத் தபா மூணு மாசமாச்சும் இரு. நான் சொல்லி உட்டுகீறேன், என் மானத்த வாங்காத."

பள்ளிக்கூடத்தில் பார்த்ததைச் சொன்னேன். ரயிலுக்கு இன்னும் நிறுத்துகிறார்கள் என்றதும் சோற்றில் இருந்த கையை எடுக்காமல் நிமிர்ந்தான்.

"நெஜமாவா?"

"நெஜமா."

"எம் பையன் ஸ்கூல்ல கீபோர்டுக்குத் தனி பீஸு மாமே. அதுலயும் பேப்பர்ல எழுதித்தான் பாட்டு கத்துக்கறான். பக்கத்துல ஒருத்தன் வாசிக்கறதே இல்ல." இன்னொரு வாய் சோறு போட்டுக்கொண்டு, "யாரு பியூகிளு?" என்றான்.

"ஒரு பொடியன். சுருதி எறங்குது."

"குளுரு. வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சிட்டு ஊதச் சொல்லு."

வாட்ச்மேன் இல்லாத கதையையும் சொன்னேன். அவன் மனைவி எனக்கு இன்னொரு கரண்டிச் சோறு போட்டுக்கொண்டே, "நீங்கதான் சும்மா கீறீங்களே, நீங்களே போகலாமேண்ணா" என்றார்.

சம்பத்துக்குப் புரையேறிவிட்டது. "யாரு, இவனா? வாட்ச்மேன் வேலைன்னா இன்னான்னு தெரியுமா உனுக்கு? அங்கயே கீறதுதான் வேலையே. இவனை அதுக்கு வெச்சா, ஸ்கூல இவன்கிட்ட இருந்து காப்பாத்த வேற ஆள் போடணும். சம்பளமும் கம்மி. எவன் போவான்?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

காலை

காலையில் சம்பத்தும் நானும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். பாடி போகும் பஸ் கூட்டமாக வந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்த்தான்.

"டேய் பாலு, ஏறுடா."

"நீ போ."

"இன்னாடா?"

"நீ போ மச்சான். அப்பறமா போன் பண்றேன்."

அவன் என்னவோ திட்டினான். பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

தலைமையாசிரியர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். டிஃபன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூட்டோடு மல்லுக்கட்டினார். விஷயத்தைச் சொன்னேன்.

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"ஒன்பதாவது சார். இங்கயேதான்."

"பாஸா?"

"இல்ல சார்."

"எட்டாவது போதும் இதுக்கு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "குடி?"

"இல்ல சார்."

"எத்தனை நாள் இருப்பீங்க? உண்மையைச் சொல்லுங்க."

இதுவரை எந்த முதலாளியும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஊர்வலம் முடியும்வரை என்று சொல்ல வாய் வரை வந்தது.

"பரீட்சை முடியற வரைக்கும் நிச்சயம் சார். அப்பறம் பேசிக்கலாம்."

அவர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். பள்ளிக் கமிட்டியிடம் அவரே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். பூட்டு எந்தப் பக்கம் அழுத்தினால் திறக்கும் என்று காட்டினார். தண்ணீர் மோட்டார் சுவிட்ச், கழிவறைச் சாவி. வராந்தா முனையில் கம்பியில் தொங்கிய தண்டவாளத் துண்டு, அதை அடிக்க ஒரு இரும்புக் கம்பி. "எட்டே முக்காலுக்கு முதல் மணி. கரெக்டா அடிக்கணும். இந்த ஏரியாவுல பாதிப் பேர் அதை வெச்சுத்தான் பசங்களை அனுப்பறாங்க."

மோட்டாரைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. தேன்மொழி மிஸ் ஸ்கூட்டரில் வந்தார். என்னையும் என் கையிலிருந்த சாவிக்கொத்தையும் பார்த்தார். வண்டியை நிறுத்தாமல் உள்ளே போய், ஸ்டாண்டு போட்டுவிட்டு மறுபடி திரும்பிப் பார்த்தார்.

நஸ்ரீன் வந்தாள். சீருடையில் இல்லை, வீட்டில் போடும் பூப்போட்ட சுடிதாரில். பக்கத்தில் அவள் அம்மா, கறுப்பு புர்கா, கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் மடித்த பேண்டு உடுப்பும், மேலே சிவப்புக் குஞ்சமும் தெரிந்தன. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள்.

"நீ இன்னாண்ணா இங்க?" என்றாள் நஸ்ரீன்.

"வாட்ச்மேன்."

"எப்ப இருந்து?"

"இப்பதான்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். இவர் கேட்கப்போவதற்கு முன்னால் தலைமையாசிரியர் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

"உன் ஊடு எங்க?"

"தனி ஊடு இல்லக்கா. இப்ப இங்கதான். மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு ரூம் கீது."

"பொண்டாட்டி புள்ள?"

"இல்லக்கா."

"இதுக்கு முன்ன எங்க இருந்த?"

"திருமழிசை."

"அதுக்கு முன்ன?"

சொன்னேன். அதற்கு முன்பும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. நஸ்ரீன் இடையில் புகுந்தாள். "அம்மா, இவரும் பேண்டுல இருந்தவருதான். நேத்து கால் போட்டாரு. கரெக்டா போட்டாரு."

"நீ சும்மா இரு. உன்ன யாரும் கேக்கல." பிறகு என்னிடம், "கேட்டு எத்தன மணிக்குப் பூட்டுவ?"

"கடேசிப் புள்ள போனப்பறம்."

"எம் பொண்ணு வெளிய போனா தெருமுன திரும்பற வரைக்கும் கண்ணு வெக்கணும்."

"வெக்கறேன்க்கா."

"ஆறு மணிக்கு நான் இங்க வந்து நிப்பேன். ஒருநாளு நான் வர்றப்ப நீ இல்லன்னு வெச்சிக்க, அதோட சரி. பேண்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"இருப்பேன்க்கா."

அவர் என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு துணிக்கடைப் பையை மகள் கையில் திணித்தார்.

"இன்னா நின்னுகினு கீற? ஓடு, யூனிபாரம் மாத்திகினு வா. ஸ்கூலுக்கு இப்பிடியா போவாங்க?"

நஸ்ரீன் ஓடினாள். பையிலிருந்து வெளியே தெரிந்த குஞ்சம் குதித்துக்கொண்டே போனது. அவள் அம்மா பின்னால் நடந்தார், அவசரமில்லாமல்.

வராந்தாவுக்குப் போய் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். எட்டே முக்கால் ஆனது. மைதானத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். நான் கேட்டைப் பார்த்தபடி நின்றேன். வெள்ளைத் துணி சுற்றிய தலை ஒன்று தெருமுனையில் திரும்பி, புத்தகப் பையும் துணிக்கடைப் பையுமாக ஓடிவருவது தெரிந்ததும் கம்பியை ஓங்கினேன்.

தலைமையாசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி கொஞ்சம் லேட்டாயிடுச்சு போல."

"புது ஆள் சார்" என்றேன். "பழகிடும்."